கோழிக்குள்ளே ஒரு சுண்டைக்காய்

"கடைசி மூணு நாள்ல வேற எந்தப் பண்ணைக்காச்சும் போனீங்களா? வீட்டுல கோழி, புறா, கிளி ஏதாச்சும் இருக்குதுங்களா? கறிக்கடைப் பக்கம் போனீங்களா?"

மணி அதிகாலை 2.45. நாமக்கல்லிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு குஞ்சு பொரிப்பகத்தின் கேட்டில் நிற்கிறேன். காவலுக்கு இருக்கும் அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் பதிவேட்டை நீட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். இல்லை, இல்லை, இல்லை. இந்த மூன்று 'இல்லை'க்காக மூன்று நாள் விரதம் மாதிரி இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சேவலைக்கூட மாடியிலிருந்துதான் பார்த்தேன்.

கேட் திறக்கிறது. உள்ளே போகிறோம்! வாங்க, நீங்களும் கூடவே வாங்க.

நாமக்கல் என்றால் ஆஞ்சநேயர், லாரி, முட்டை. கோடிக்கணக்கில் முட்டை கிளம்பும் ஊர் இது. காலையில் விலை என்ன என்று பேப்பரில் பார்க்கிறோம், கடையில் வாங்குகிறோம், ஆம்லெட் போடுகிறோம். அந்த முட்டையை இடும் கோழி, குஞ்சாக இருந்தபோது எந்தெந்த எதிரியைத் தாண்டி வந்தது என்று யாரும் நமக்குக் காட்டியதில்லை. காட்டவும் மாட்டார்கள். பார்வையாளர் காலில் ஒட்டி வரும் மண்ணிலேயே அந்த எதிரி வரலாம்.

நான் தேடி வந்த எதிரிகள் ஒரு தனி ரகம். கோழியின் நோய் எதிர்ப்புச் சக்தியையே தாக்கும் வைரஸ்கள். வீட்டுக்குள் புகுந்த திருடன் நகையைத் தொடுவதற்கு முன் வாட்ச்மேனைக் கட்டிப்போடுவான் பாருங்கள், அந்த வேலை. கம்போரோ, மேரக்ஸ், குஞ்சுகளின் ரத்தசோகை வைரஸ். இந்த மூன்று பெயரையும் நாமக்கல் டீக்கடையில் சொன்னால் பெஞ்சில் இருக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

என்னை அழைத்துப் போக ஒப்புக்கொண்டவர் ஒரு கோழி மருத்துவர். ஊர் அவரை 'டாக்டரம்மா' என்கிறது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "முதல்ல ஒருநாள் குஞ்சு. அப்புறம் ரெண்டு வாரக் குஞ்சு. கடைசியா செத்த கோழி. இந்த வரிசையை மாத்தக் கூடாது. ஆய்வுக்கூடத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா, அதுக்கப்புறம் மூணு நாளைக்குப் பண்ணைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது." என் ஒருநாள் பயணத்துக்கே வைரஸ்தான் வழித்தடம் போட்டுக் கொடுத்திருக்கிறது!

முதல் காட்சி, குளியலறை. ஆமாம், தலைக்குக் குளித்தால்தான் கதவு திறக்கும். பெட்டிக்கடை மாதிரி ஷாம்பு பாக்கெட் சரம் தொங்குகிறது. என் உடை இந்தப் பக்கம் அலமாரியில். அந்தப் பக்கம் துவைத்து மடித்த சீருடை, ரப்பர் செருப்பு. கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் தருகிறார்கள். செல்போன் பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. நோட்டுப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை. உள்ளேயே வைத்திருக்கும் புது நோட்டும் பேனாவும் கைக்கு வருகின்றன. மாசி மாதக் குளிரில் தலை சொட்டச் சொட்ட நிற்கிறேன். பல்லெல்லாம் தந்தி அடிக்கிறது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

அடுத்த கதவைத் திறந்ததும் வெந்நீர்ப் பானைக்குள் தலையை விட்டது போல வெப்பம். தகரக் கூரையில் பெருமழை கொட்டும் சத்தம். மழை இல்லை, குஞ்சுகள்! 21 நாள் ஓட்டுக்குள் இருந்துவிட்டு இன்றிரவுதான் வெளியே வந்தவை. தட்டுத் தட்டாக அடுக்கி உருட்டி வருகிறார்கள். காற்றெல்லாம் மஞ்சள் பொடி போல இறகுத்தூள் பறக்கிறது. ஒரு குஞ்சைக் கையில் வைத்தார்கள். எடையே தெரியவில்லை. உள்ளங்கையில் ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தது.

நீள மேசையைச் சுற்றி எட்டுப் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன ஊசி எந்திரம். குஞ்சை எடுத்து, பின்கழுத்தை எந்திரத்தின் தகட்டில் அழுத்தினால் 'டிக்'. ஊசி வந்து போனது கண்ணுக்கே தெரியாது. 0.2 மில்லி மருந்து தோலுக்கடியில் இறங்கிவிட்டது. டிக், டிக், டிக். எட்டுப் பேர் கை சேர்ந்தால் தையல் கடை மாதிரி ஒரு தாளம் வருகிறது.

"இது எங்க மாமியார் மாதிரி. தூக்கினாலும் கத்தும், இறக்கி விட்டாலும் கத்தும்" என்று ஒரு அக்கா ஒரு குஞ்சைக் காட்ட, மேசையே குலுங்கிச் சிரிக்கிறது. அதிகமாகச் சிரிப்பவர் எதிரே ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பெரியம்மா. அவர்தான் அந்த மாமியார் என்று பக்கத்து அக்கா காதோடு சொல்கிறார்.

மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து நாலைந்து குஞ்சைத் தூக்கி, கழுத்து மயிரை ஊதி விலக்கிப் பார்க்கிறார். தோலுக்கடியில் நீலப் பொட்டு தெரிந்தால் சரி. மயிரின் மேல் நீலம் ஈரமாகப் படர்ந்திருந்தால் ஊசி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

இது மேரக்ஸ் நோய்க்கான தடுப்பூசி. இதைத் தயார் செய்யும் அறைதான் என்னைக் குழந்தையாக்கிவிட்டது. முகத்துக்கு முழுக் கவசம், முழங்கை வரை கையுறை அணிந்த ஒரு தம்பி, பால் கேன் மாதிரி இருக்கும் அலுமினியக் கலத்தின் மூடியைத் தூக்குகிறார். புகை வழிந்து தரையில் பரவுகிறது. திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. "கண்ணு, கையைப் பின்னால வெச்சுக்க, குளிர் கடிச்சுப்புடும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் என்னைப் பிடித்து இழுக்கிறது.

கம்பியில் கோத்த குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள் மேலே வருகின்றன. இந்த மருந்தில் வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் குடியிருக்கிறது. செல் செத்தால் மருந்தும் போச்சு. குப்பியை 27 டிகிரி நீரில் விட்டு ஒரு நிமிடம் போல உருக்கி, பெரிய பையில் கலக்குகிறார். சில சமயம் குப்பி வெடித்துத் தெறிக்கும், முகக்கவசம் அதற்குத்தான். சுவரில் ஒரு பிளாஸ்டிக் அலாரம் கடிகாரம். கலந்த ஒரு மணி நேரத்தில் அது அலறும். பையில் கால்வாசி மிச்சம் இருந்தாலும் அந்தப் பை போய்ப் புதுப் பை வரும். "மிச்சத்தைப் பார்த்தா மனசு அடிச்சுக்கும்ங்க. ஆனா செத்த மருந்தைப் போட்டா போட்டதா பேரு, காப்பாத்தாது" என்கிறார் தம்பி, பையை மெல்ல ஆட்டிக்கொண்டே. ஆட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. செல் அடியில் தங்கிவிடக் கூடாதாம்.

மேரக்ஸ் என்ற பெயருக்கு உரியவர் யோஜெஃப் மாரெக், ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர். 1907இல் காலும் இறக்கையும் விழுந்துபோன நான்கு சேவல்களைப் பார்த்து எழுதி வைத்தார். பின்னால்தான் தெரிந்தது, இது நரம்பை முடக்கும், உள்ளுறுப்புகளில் புற்றுக் கட்டிகளை உண்டாக்கும், எதிர்ப்புச் சக்தியையும் குலைக்கும் ஒரு வைரஸ் என்று. இறகுத்தூளோடு காற்றில் பறந்து அது பரவுகிறது. 1970 வாக்கில் அதற்குக் கிடைத்த காவலன் எங்கிருந்து வந்தான் தெரியுமா? வான்கோழியிடமிருந்து! வான்கோழிக்குத் தீங்கு செய்யாத அதன் உறவுக்கார வைரஸைக் குஞ்சுக்குப் போட்டால் கட்டி வருவதில்லை. புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று கோழிக்குத்தான் கிடைத்தது. அது எட்டுப் பெண்களின் விரல் நுனியில் இங்கே டிக் டிக் என்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

நாலரை மணிக்குக் குஞ்சுப் பெட்டிகள் வண்டியேறுகின்றன. பெண்கள் முதன்முறையாக முதுகை நிமிர்த்துகிறார்கள். எட்டுப் பேரும் ஒரே மாதிரி வலது கட்டைவிரலை நீவிவிட்டுக்கொள்கிறார்கள்.

மறுபடி குளியல். மறுபடி வேறு உடை. இப்போது பண்ணை.

வாசலில் சுண்ணாம்புத்தூள் கோலம் போட்டது போல அகலமாகக் கிடக்கிறது. வண்டிச் சக்கரத்துக்கு மருந்துத் தெளிப்பு. காலை முக்கி எடுக்கத் தொட்டி. உள்ளே கொட்டகையில் இரண்டு வாரக் குஞ்சுகள், புரூடர் விளக்கின் கீழ். எல்லாம் என்னைப் பார்த்து அலகைத் திறந்து கத்துகின்றன. பாசம் என்று நினைத்தேன். தாகமாம்! ஒன்றரை மணி நேரமாகத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கம்போரோ தடுப்பு மருந்து தண்ணீரில். தாகம் இருந்தால்தான் எல்லாக் குஞ்சும் முந்தியடித்துக் குடிக்கும். மருந்து காலாவதியாகும் முன் தொண்டையில் இறங்கும்.

பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கும் ஒடிசாக்காரத் தம்பதிதான் இந்தக் கொட்டகைக்கு அப்பா அம்மா. தம்பி வாளியில் கொழுப்பு நீக்கிய பால்பொடியை அடித்துக் கலக்குகிறார், லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் அது உயிருள்ள மருந்து வைரஸைக் கொன்றுவிடும். பால் அந்தக் குளோரினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மருந்துக் குப்பியைத் தண்ணீருக்குள் முக்கியபடியே மூடியைத் திறக்கிறார். அவர் மனைவி இரண்டு கையிலும் சிவப்பு டிரிங்கர்களைக் கோத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வைத்துக்கொண்டே போகிறார். "அக்கா, சீக்கிரம், சீக்கிரம்" என்று என் கையிலும் இரண்டைத் திணிக்கிறார். எழுத வந்தவளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். அன்றைய நாளின் பெருமையே எனக்கு அதுதான்.

குஞ்சுகள் குடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். வட்டமாகத் தலை குனிந்து, அலகில் அள்ளி, வானத்தைப் பார்த்து விழுங்கி, மறுபடி குனிந்து. ஐந்தே நிமிடத்தில் அத்தனை சத்தமும் அடங்கிப்போனது. அரை மணி கழித்து அந்தத் தங்கை ஒரு குஞ்சைப் பிடித்து அலகைத் திறந்து என்னிடம் காட்டுகிறார். நாக்கு நீலம்! இந்த மருந்திலும் நீலச் சாயம். ஒவ்வொரு மூலையிலும் சில குஞ்சைப் பிடித்து நாக்கைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒரு குஞ்சின் நாக்கு வெளுப்பாக இருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் டிரிங்கரில் அலகைத் தொட வைத்து, அது குடிக்கும் வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஏன் இன்றைக்கு? ஏன் நேற்று இல்லை, நாளை இல்லை? கொட்டகைக் கதவில் தொங்கும் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தாய்க்கோழி முட்டை வழியாகத் தன் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைக் குஞ்சுக்குக் கொடுத்து அனுப்புகிறது. அது நாளுக்கு நாள் கரையும். முழுதாக இருக்கும்போது மருந்து கொடுத்தால், அம்மா கொடுத்த காவலே மருந்து வைரஸை அடித்துப் போட்டுவிடும். கரைந்து முடியட்டும் என்று காத்திருந்தால், வெளியே சுற்றும் நிஜ வைரஸ் முந்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் சில நாள்தான் வாசல். குஞ்சு வந்த சில நாளில் சிலவற்றிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கணக்குப் போட்டு, அந்த நாளைக் குறிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது போலத்தான் இதையும் பார்க்கிறார்கள்.

காலை பதினொரு மணி. இனித் திரும்பிப் போக வழியில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறோம்.

டாக்டரம்மாவின் பிரேதப் பரிசோதனை அறையில் முதலில் கண்ணில் படுவது மூலையில் அணிவகுத்த கம்பூட்ஸ்கள். சுவரில் மருந்துக் கடை கொடுத்த முருகன் காலண்டர். அலமாரியில் ஃபார்மலின் ஊற்றிய பாட்டில்கள்; பாதி பாட்டில்கள் முன்ஜென்மத்தில் ஊறுகாய் பாட்டிலாக இருந்தவை, ஒன்றில் மாங்காய்ப் படம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகைக்கடையில் இருப்பது போல ஒரு சின்னத் தராசு. மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தூசு பறக்கக் கூடாதென்று. எல்லோர் முதுகிலும் சட்டை ஒட்டிப்போயிருக்கிறது. வாசலில் வரிசை: தெர்மாகோல் பெட்டி, தீவன மூட்டைப் பை, ஒருவர் கையில் எவர்சில்வர் தூக்கு.

"மேடம், கோழிக்கு எய்ட்ஸுன்னு சொல்றாங்களே, இதுதானுங்களா?" வரிசையில் முதலாவதாக நிற்கும் பண்ணைக்கார அண்ணன் கேட்கிறார். சிரிக்க முயல்கிறார், முடியவில்லை. நாலு வாரக் குஞ்சுகள். முந்தாநாள் தொடங்கிய சாவு, இன்று காலை கூடியிருக்கிறது.

"அப்படிப் பேரு வெச்சுட்டாங்க. மனுசருக்கு வராதுங்கண்ணா, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டுகிறார் டாக்டரம்மா. அதை அவர் சொன்னபோது பின்னால் நின்ற இரண்டு பேர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கம்போரோ, மேரக்ஸ், ரத்தசோகை, இந்த மூன்று வைரஸும் மனிதருக்கு நோய் தருவதில்லை.

கத்தரி நகர்கிறது. தோலை உரித்ததும் தொடைத் தசையில் பேனா மை தெறித்தது போல ரத்தப் பொட்டுகள். டாக்டரம்மா பேசுவதை நிறுத்தினார். குஞ்சைத் திருப்பி, வாலடியில், எச்சம் வரும் வழிக்குச் சற்று மேலே விரலால் துழாவி ஒன்றை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்.

இதுதான். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

பர்சா. ஆரோக்கியமான குஞ்சில் அது பெரிய சுண்டைக்காய் அளவில், வெண்ணெய் நிறத்தில், சின்னப் பையாக இருக்கும். அறுத்து விரித்தால் உள்ளே புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக அடுக்கியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்றை டாக்டரம்மா பாட்டிலில் வைத்திருக்கிறார். தட்டில் இருப்பது வேறு. வீங்கி, நாவல்பழம் போலக் கறுத்து, மேலே மஞ்சள் ஜெல்லி பூசியது மாதிரி. அறுத்தால் கொசுவம் முழுக்க ரத்தம்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுக்கிறார் டாக்டரம்மா. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியில் வட்டம் போட ஓட்டை ஓட்டையாக ஒரு ஸ்கேல் இருக்குமே, அதே மாதிரி. பர்சா எந்த ஓட்டையில் நுழைகிறது என்று பார்த்து எண்ணைக் குறிக்கிறார். பர்சா அளக்கும் கருவி இதுதான்! இத்தனை கோடி ரூபாய்த் தொழிலின் நாடியைப் பிடிக்க ஓட்டை போட்ட ஓர் அட்டை. கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, நானும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தேன். பிறகு அடுத்த குஞ்சு, அதற்கடுத்த குஞ்சு. ஐந்தில் ஐந்தும் கறுப்பு.

நோய் தொற்றி மூன்று நாலு நாளில் பர்சா வீங்கும். எட்டாம் நாளுக்குள் சுருங்கி மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதற்குள் இருந்த காவல் செல்கள் போயிருக்கும்.

இந்தச் சுண்டைக்காயின் வேலை என்ன என்று மனிதர் கண்டுபிடித்த கதையை டாக்டரம்மா கை கழுவும்போது சொன்னார். எனக்கு அது வயிறு நிறைந்த விருந்து. இத்தாலியின் படுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரீசியஸ் இதைப் பார்த்து எழுதியது, அவர் இறந்தபின் 1621இல் அச்சானது. ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் அவர். பெயர் வைத்தார்கள், வேலை தெரியவில்லை. முன்னூறு வருடத்துக்கு மேல் அப்படியே. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பர்சாவை வெட்டி எடுத்த கோழிகளை வளர்த்து வந்தார். திமத்தி சாங் என்ற நண்பர், தடுப்பு மருந்து கொடுத்தால் கோழி ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாவதை வகுப்பில் காட்ட, அவரிடம் கோழி கடன் வாங்கினார். பாடம் சொதப்பியது. சில கோழிகளில் எதிர்ப்புப் பொருளே உண்டாகவில்லை. எவை என்று பார்த்தால், பர்சா இல்லாதவை! 1956இல் அதை ஒரு கோழி வளர்ப்பு ஆய்விதழில் வெளியிட்டார்கள். இன்று நம் உடம்பிலும் எதிர்ப்புப் பொருள் சுரக்கும் செல்லுக்கு 'பி' செல் என்று பெயர். அந்த 'பி', பர்சாவின் 'பி'.

அடுத்த அறைக்குப் போவோம். இங்கே சத்தம் இல்லை. ஒரு தங்கை பர்சாவை மெழுகில் உறைய வைத்து, சீவல் எந்திரத்தில் சீவுகிறார். ரிப்பன் ரிப்பனாக வருவதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டால் அள்ளுகிறார். "மூச்சு விடாதீங்கக்கா, பறந்துரும்." இன்னொரு தம்பி, பர்சாத் துண்டை ஒரு தனி வகை அட்டையில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போல அழுத்தி அழுத்தி எடுக்கிறார். அட்டையில் உள்ள மருந்து வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும். மரபணு மட்டும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் கவரில் போட்டு மரபணு ஆய்வுக்கூடத்துக்குக் கூரியரில் அனுப்பலாம். இது எந்த ரகக் கம்போரோ, மருந்து வைரஸா, வெளி வைரஸா என்பதை அங்கே படித்துச் சொல்வார்கள்.

மூலை மேசையில் 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு கோழியின் ரத்தநீர் ஒரு துளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில குழிகள் எலுமிச்சை மஞ்சளாகின்றன, சில வெளுப்பாகவே நிற்கின்றன. மஞ்சள் கூடினால் எதிர்ப்புப் பொருள் கூடுதல். "மஞ்சள் அதிகமா இருக்கறதைவிட ஒரே சீரா இருக்கறதுதான் எங்களுக்குச் சந்தோசம்" என்கிறார் தட்டுக்குப் பொறுப்பான தம்பி. சில குழி அடர்த்தி, சில குழி வெளுப்பு என்றால் பாதிக் குஞ்சு மருந்து குடிக்கவில்லை. ஒரு வெளுத்த குஞ்சுக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அந்தத் தங்கையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ரத்தசோகை வைரஸைத் தேடும்போது இங்கே எலும்பை உடைக்கிறார்கள். நல்ல குஞ்சின் தொடை எலும்புக்குள் மஜ்ஜை செக்கச்செவேல் என்று இருக்கும். நோய் வந்ததில் நெய் உறைந்தது போல வெளிறியிருக்கும். 1979இல் ஜப்பானில் கண்டறிந்த மிகமிகச் சிறிய வைரஸ் இது. தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். அதனால் தாய்க்கோழி முட்டையிடத் தொடங்கும் முன்பே அதற்குத் தடுப்பு. ஆய்வுக்கூடங்கள் இதை எதில் வளர்க்கின்றன என்று கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. மேரக்ஸ் கட்டியிலிருந்து எடுத்துப் பல பத்தாண்டுகளாகப் பேணிவரும் செல்களில்! ஒரு எதிரி விட்டுச்சென்ற கட்டியில்தான் இன்னொரு எதிரியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே பண்ணைக்கார அண்ணன் காத்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஆறிப்போய் ஆடை படிந்து கிடக்கிறது.

"கம்போரோதானுங்கண்ணா" என்கிறார் டாக்டரம்மா.

"ஊசி ஏதாச்சும்..."

"இதுக்கு மருந்து கிடையாதுங்க. தண்ணியில உப்புச்சத்து, வெல்லம் கலந்து குடுங்க, கொட்டகையில நெரிசல் வேணாம். சாவு ஒரு வாரத்துல நின்னுரும். எனக்குக் கவலை மிச்சம் இருக்கற குஞ்சுதான்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அந்த அறையில் நின்றேன் என்று நினைக்கிறேன். சாகும் குஞ்சு கண்ணுக்குத் தெரிகிறது. பிழைத்த குஞ்சு ஓடுகிறது, தின்கிறது, பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடுத்து வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கொடுத்தால் அது பிடிக்காமல் போகலாம். சாதாரணச் சளியே அதைச் சாய்க்கலாம். மூன்று வாரத்துக்குள் கம்போரோ தொற்றினால் இன்னும் மோசம்: வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் காவலை மட்டும் அழித்துவிட்டுப் போகும். முட்டைக்கோழி இனங்களைக் கறிக்கோழியைவிட இது கடுமையாகத் தாக்கும் என்பது நாமக்கல்லுக்குக் கூடுதல் வலி.

"தேதி தவறிப்போச்சா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார் டாக்டரம்மா. "வீட்டுல கல்யாணமுங்க. நாலு நாள் தள்ளிப் போட்டுட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் அவர். டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழக் குழியில் புதைக்கணும். இந்தக் கொட்டகை ஆள் அடுத்த கொட்டகைக்குப் போகக் கூடாது. அடுத்த மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துக் கொண்டு வரணும். குஞ்சு மாறியதும் எச்சத்தையெல்லாம் வாரி, கழுவி, நெருப்புக் கன்னால் தரையையும் கம்பியையும் வாட்டி, ஃபார்மலின் புகை போட்டு, சுண்ணாம்பு அடிக்கணும். எச்சத்தில் ஊரும் கறுப்பு வண்டையும் விடக் கூடாது, அதன் உடம்பிலும் வைரஸ் தங்கும். கோழியே இல்லாத கொட்டகையில் 122 நாள் கழித்தும் இந்த வைரஸ் நோய் தரும் வலுவோடு இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாதாரணக் கழுவலுக்கு அது அசையாது.

எழுதி முடித்த தாளை அண்ணன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்து மறுபடி முழுதாகப் படித்தார். "நாளைக்குக் காலைல போன் பண்ணுறனுங் டாக்டரம்மா." "நீங்க பண்ணலைன்னா நானே பண்ணுவேன்."

கிளம்பும்போது மூன்றாவது முறையாகக் குளித்தேன். தலைமுடியில் ஃபார்மலின் வாசம் போகவில்லை.

பண்ணை வைத்திருக்கும் வாசகர்களுக்கு டாக்டரம்மா சொல்லியனுப்பியது இது. குஞ்சு சாவு வழக்கத்தைவிடக் கூடினால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். செத்ததோடு, சோர்ந்து கிடக்கும் இரண்டு மூன்று உயிர்க் குஞ்சும் வேண்டும். செத்ததை ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துவிட்டால் திசு உடைந்து பர்சாவைப் படிக்க முடியாது. மருந்து கொடுத்த தேதி எழுதிய அட்டையையும் கூடவே எடுத்து வாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இங்கேதான் இருக்கிறது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நாமக்கல் பக்கம் போகும்போது பண்ணை வாசலில் 'அனுமதி இல்லை' என்ற பலகையைப் பார்த்தால், குழந்தைக்குக் கோழி காட்டலாம் என்று உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். வண்டியைத் தள்ளியே நிறுத்துங்கள்.